நாலாவது புள்ளி

மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. வயல்களில் தீ எரிந்த இடங்களாகச் செயற்கைக்கோள் காட்டும் அன்றைய தீப்புள்ளிப் பட்டியல் அப்போதுதான் எங்கள் லூதியானா அலுவலகக் கணினியில் இறங்கி முடிந்திருந்தது. நவம்பர் மூன்றாம் தேதி. மாநிலம் முழுவதற்கும் அறுநூற்றுச் சொச்சம் புள்ளிகள். மாவட்டவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் பச்சித்தர் சிங்கின் பெயர் ஒளிர்ந்தது. பட்டியல் வெளியாகும் முன்பே கூப்பிட்டுக் கேட்பது அவர் வழக்கம். எடுத்ததும், "இன்னிக்கு உங்க வட்டத்துல ரெண்டே ரெண்டுதான் வீர்ஜி, நிம்மதியா டீ குடிங்க" என்றேன்.

பேசியது அவர் மனைவி ஜஸ்மேல் கௌர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் கொஞ்சம் படுத்திருந்தாராம். எழுந்து, வயலுக்குப் போகவேண்டும் என்று தலைப்பாகைத் துணியை எடுத்திருக்கிறார். துணியை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை மனைவி பிடிக்க, மறுமுனையை முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று அவர் பிடிப்பது முப்பது வருடப் பழக்கம். பாதி மடித்தபோது துணி தொய்ந்திருக்கிறது. சில நாள் வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சிரிப்பாராம்.

"விளையாடாதீங்கன்னு சொன்னேன்" என்றார் ஜஸ்மேல் கௌர். "திரும்பிப் பார்க்காமலே சொன்னேன், பைஞ்ஜி. பார்த்தப்ப மூச்சு இல்லை."

பச்சித்தர் சிங்குக்கு ஐம்பத்து நாலு வயது. சங்ரூர் மாவட்டத்தில் ஐந்து கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டத்துக்குப் பட்வாரி. நிலக் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பு: யாருடைய நிலம், என்ன பயிர், எங்கே எல்லை. பதினோரு இலையுதிர் காலங்கள் அவரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன்; எனக்கு அவர் வீர்ஜி, அண்ணன், அவர் வீட்டுக்கு நான் பைஞ்ஜி, சகோதரி. நேரில் பார்த்தது ஐந்தாறு முறைதான். நான் வானத்திலிருந்து வருகிற பட்டியலைப் பிரித்து அனுப்புகிறவள். அவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய், அங்கே உண்மையில் தடையை மீறி, நெல் அறுத்தபின் நிற்கும் அரிதாள் எரிந்ததா என்று பார்த்து எழுதுகிறவர். ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

ஒரு பஸ் கண்டக்டரின் மகன். சொந்தமாக ஒரு கில்லா, அதாவது ஒரு ஏக்கர், நிலம்கூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஊரார் நிலத்தின் எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வழியில் எதிர்ப்படுகிறவர்களைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். "வாய்யா பதினாலில் ஏழு, தண்ணி பாய்ச்சியாச்சா?" என்பார். அவர்களும் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். ஒருமுறை கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் தகப்பனாரை எண் சொல்லி வரவேற்று வாங்கிக் கட்டிக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். இரண்டு பேனா வைத்திருந்தார், ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. சிவப்புப் பேனாவை இரவல் கொடுக்கமாட்டார்.

அந்தச் சிவப்புப் பேனாவால் அவர் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாயிப் சிங் என்பவர் அவர் வட்டத்து விவசாயி. ஐந்து கில்லா நிலம். அந்த ஊரில் அரிதாளை எரிப்பதை முதன்முதலில் நிறுத்தியவர் அவர். அதற்காக ஒரு வருடம் குருத்வாராவில் எல்லார் முன்னிலையிலும் காவித்துணி போர்த்தி மரியாதை செய்தார்கள். ஆறு வருடங்கள் எரிக்கவே இல்லை. அந்த ஆறாவது வருடம் வைக்கோலைக் கட்டுகளாக்கும் இயந்திரத்தை வரவழைத்து, எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு, நிலத்தை உழுது, கோதுமை விதைப்பதற்கு முந்தின தண்ணீரையும் பாய்ச்சினார்.

அதே வாரத்தில் அவர் நிலத்தின் மேல் ஒரு தீப்புள்ளி விழுந்தது. நான் அனுப்பிய பட்டியலில்தான் அதுவும் இருந்தது. தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கங்களோடு அட்சரேகை, தீர்க்கரேகை. பச்சித்தர் சிங்குக்கு அன்று மட்டும் இருபத்து மூன்று புள்ளிகள். நாயிப் சிங்கின் வயலுக்கு அவர் போய்ச் சேர்ந்தது நாலு நாள் கழித்து, அந்தி வேளையில். ஊரே புகையாக இருந்தது, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கைபேசி வரைபடம் சொன்ன இடத்தில் மிகச் சரியாகப் போய் நின்றார். காலடியில் கருத்த ஈர மண். ஒரு வைக்கோல் துணுக்குகூட இல்லை. எரித்தவர்கள் தடயத்தை மறைக்க உடனே உழுது தண்ணீர் விட்டுவிடுவது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்தான். படம் எடுத்துக்கொண்டு வந்து, நிலக் கணக்கில் நாயிப் சிங்கின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினார்.

சிவப்பு எழுத்து விழுந்த நிலத்தை விற்கமுடியாது, அடமானம் வைக்கமுடியாது, மாற்றிக்கொள்ளமுடியாது. நாயிப் சிங்குக்கு அப்போது நிலம் இரண்டு துண்டாகக் கிடந்தது. சித்தப்பா மகனோடு மாற்றிக்கொண்டு ஒன்றாகச் சேர்க்க நாள் குறித்திருந்தார். பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அவருக்கு விஷயமே தெரியவந்தது. பட்வாரியிடம் வந்து சத்தம் போட்டாராம். பச்சித்தர் சிங் படத்தைக் காட்டினார், எண்களைக் காட்டினார். "நான் சொல்லலை, மேலேயிருந்து சொல்லுது" என்றார்.

உண்மையில் எரித்தவர் லாப் சிங், மேற்கே நூற்றைம்பது மீட்டர் தள்ளி. அவர் டீக்கடையில் நாயிப் சிங்கைப் பார்த்து, "மாப்பிள்ளை உன் வீட்டுக்குத்தானேப்பா வந்துட்டுப் போனாரு" என்று கேட்டாராம். செயற்கைக்கோளுக்கு அங்கே மாப்பிள்ளை என்றுதான் பெயர். தினமும் ஒன்றரை மணிவாக்கில் வருவார், அவர் வரும்போது மட்டும் வீடு சுத்தமாக இருந்தால் போதும்.

அடுத்த வருடம் லூதியானாவில் பட்வாரிகளுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தினோம். திரையில் ஒரு தீப்புள்ளியைக் காட்டி, அதைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்தேன். செயற்கைக்கோள் பார்ப்பது அந்தச் சதுரத்தை, பக்கத்துக்கு முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர்; அதற்குள் எங்கே தீ இருந்தாலும் நமக்கு வருவது நடுப்புள்ளியின் எண்தான் என்று சொல்லிக்கொண்டு போனேன். எனக்கு அது தினசரிப் பாடம். கடைசி வரிசையில் நீலத் தலைப்பாகையோடு பச்சித்தர் சிங் எழுந்தார்.

"அப்ப புள்ளி விழுந்த இடத்துலதான் தீன்னு கிடையாதா?"

"கிடையாது."

"எத்தனை கில்லா வரும் அந்தச் சதுரம்?"

"முப்பத்தஞ்சு."

அவர் உட்கார்ந்தார். இடைவேளையில் எல்லாரும் பிரெட் பக்கோடாவுக்கு முண்டியடித்தபோது என் மேசையருகே வந்து நின்றார். ஐந்து இலக்கம் எண் கொடுத்தால் அது ஊசிமுனை என்றுதானே நினைப்பான் மனிதன், என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "ஒரு முரப்பாவே இருபத்தஞ்சு கில்லாதான். முரப்பாவை விடப் பெரிய இடத்தைக் காட்டி, உள்ளே எங்கேயோன்னு சொல்லியிருக்கீங்க. நான் ஒருத்தன் தலையில எழுதிட்டேன்."

எங்கள் பட்டியலின் அடியில் அந்த விளக்கம் ஒரு வரியாக இருக்கத்தான் செய்தது, ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். அதை அவரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தவறைத் தெரிந்துகொண்ட அன்றே திருத்தியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் தன் மேலதிகாரியான கானூன்கோவிடம் போய்ச் சொன்னார். தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொண்டால் வட்டத்திலுள்ள எல்லாச் சிவப்பு எழுத்துக்கும் ஆள் வந்து நிற்பான், கொஞ்ச நாள் சும்மா இரு என்று பதில் வந்தது. அவரும் சும்மா இருந்தார். அதை என்னிடம் மறைத்ததில்லை. "பயமா இருந்துச்சு பைஞ்ஜி, வேற ஒண்ணுமில்ல" என்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு புள்ளிக்குக்கூட அவர் நேராகப் போய் நின்றதில்லை. வயலை நாலு பக்கமும் சுற்றி நடந்து, நோட்டில் சதுரம் போட்டு, உள்ளே யார் யார் நிலம் என்று எழுதி, மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். மற்ற பட்வாரிகள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனபிறகும் இவர் வயலில் நிற்பார்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. மூன்றாவது வருடம் நாயிப் சிங் எரித்தார்.

பச்சித்தர் சிங் அதைக் கண்ணால் பார்த்தார். மாலை நாலரை மணி. மாப்பிள்ளை வந்துபோய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்து கில்லாவும் எரிந்துகொண்டிருக்க, நாயிப் சிங் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். இவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"எரிக்காதப்ப எரிச்சேன்னு எழுதினே. இப்ப எரிக்கிறேன், பாரு. உன் மேலே இருக்கிறவன் என்ன எழுதுறான்னு பார்ப்போம்."

மறுநாள் பட்டியலில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நானே தேடிப் பார்த்தேன். எரிக்காத வருடத்தில் சிவப்பு. எரித்த வருடத்தில் சுத்தம். பச்சித்தர் சிங் அதைக் கணக்கில் எழுதவில்லை. எழுதவேண்டியது அவர் கடமை, எழுதாதது தவறு என்றும் அவருக்குத் தெரியும். அந்த நெருப்பில் பாதி தன்னுடையது என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். தீப்புள்ளிகளின் எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிடப் பாதியாகியிருந்தது. பத்து வருட வரைபடத்தை நான்தான் வரைந்தேன், கோடு சரிந்து இறங்கியது. அதன் நகலைப் பச்சித்தர் சிங்குக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் கூப்பிட்டார். "கோடு இறங்குது, சந்தோஷம். என் வீட்டு மொட்டைமாடியில இருந்து எதிர் வீடு தெரியலையே பைஞ்ஜி" என்றார்.

அதற்குப் பிறகுதான் புள்ளிகளை எண்ணுவதை விட்டு, பருவம் முடிந்தபின் எவ்வளவு நிலம் கருகிக் கிடக்கிறது என்று அளக்கத் தொடங்கினேன். அது வேறொரு செயற்கைக்கோளின் வேலை. ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் பத்து மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும். கருகிய நிலம் அவ்வளவாகக் குறையவில்லை. நேரம்தான் மாறியிருந்தது: மாப்பிள்ளை போனபிறகு கொளுத்தினார்கள். அறிக்கையில் எழுதினேன், ஒரு பின்னிணைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பச்சித்தர் சிங் கேட்டுவிட்டு, நாம் மட்டும் என்ன, பயிரைப் பதிவு செய்ய வருடத்துக்கு இரண்டு தரம் போகிறோம், நடுவில் என்ன நடந்தது என்று நமக்கு என்ன தெரியும் என்றார். செயற்கைக்கோளை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அதையும் ஒரு பட்வாரியாகத்தான் பார்த்தார்: வட்டம் பெரிது, நேரம் குறைவு.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாயிப் சிங் நிலத்தில் புள்ளி விழுந்த வாரத்தில் அந்த நுணுக்கமான படம் ஒன்று இருக்குமா? லாப் சிங் வயல் கருப்பாகவும் நாயிப் சிங் வயல் அப்படி இல்லாமலும் தெரிந்தால் போதும். நான் பார்த்தேன். அந்த வாரத்துப் படத்தில் புகைமூட்டம் வெண்மையாகப் படர்ந்திருந்தது. இல்லை வீர்ஜி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குப் பட்டியல் அனுப்பும் அவசரம். அந்தச் செயற்கைக்கோளுக்கு அடுத்தடுத்த இரண்டு பாதைகள் உண்டு என்பதும், பக்கத்துப் பாதையின் ஓரம் அந்த ஊரைத் தொட்டுப் போகும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வருடம் கழித்து, இந்த ஏப்ரலில், வேறு எதற்கோ தேடும்போது அகப்பட்டது. தீப்புள்ளி விழுந்த மறுநாள் எடுத்தது. லாப் சிங்கின் இரண்டு கில்லா மை கொட்டியதுபோல இருக்கிறது. கிழக்கே நாயிப் சிங்கின் நிலத்தில் வைக்கோல் கட்டுகளின் வரிசைகள், வெளிர்க் கோடுகளாக.

தொலைபேசியில் சொன்னேன். "கட்டுகளை எண்ண முடியுதா?" என்று கேட்டார். எண்ணும் அளவுக்குத் தெளிவில்லை என்றேன். "பரவாயில்ல. இருந்துச்சுல்ல" என்றார்.

அந்த வாரமே தன் தவறை ஒப்புக்கொண்டு தாசில்தாருக்கு மனு எழுதினார், கானூன்கோவைக் கேட்காமல். விசாரணைக்கு நவம்பர் பத்தாம் தேதி குறித்தார்கள். இந்தப் படத்தின் மேல் கிராமத்து நில வரைபடத்தைப் பொருத்தி, எது யாருடைய கில்லா என்று காட்டவேண்டும். கிராமத்து வரைபடம் துணியில் வரைந்தது, பட்வாரியின் கையிலேயே இருப்பது. மடித்து மடித்துக் கொஞ்சம் இழுபட்டிருக்கும். படத்தின் மேல் அதைச் சரியாக உட்கார வைக்க இரண்டிலும் அடையாளம் தெரிகிற நாலு இடங்கள் வேண்டும். அந்த இடங்களின் எண்களை நேரில் போய் அளந்து, வட்டத்துப் பட்வாரி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்றை வைத்துப் பொருத்தலாம். நாலாவது, பொருத்தியது சரிதானா என்று பார்ப்பதற்கு. மூன்று போதும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "போன தடவை ஒண்ணை வச்சு எழுதினேன், தெரியும்ல?" என்றார்.

அறுவடை முடிந்ததும் நாயிப் சிங் தன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இவர் பையில் போட்டாராம். "நீயே வச்சுக்க. எழுதினதை அடிச்சுட்டு வந்து திருப்பிக் குடு. டீ போட ஆகும்." கூப்பிட்டுச் சொல்லும்போது பச்சித்தர் சிங் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அந்தத் தாளின் படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். மூன்று வரிசைகள் நிரம்பியிருந்தன. எல்லைக்கல், குழாய்க் கிணற்று அறை, பள்ளிக்கூடத்து மூலை. கீழே, மதியம் போய் நாலாவதை எடுத்துவிடுகிறேன் என்று ஒரு குரல் செய்தி. பின்னணியில் யாரோ தாளிக்கும் சத்தம்.

மறுநாள் தகனத்துக்குப் போனேன். ஊர் பெரிதாகத் திரண்டிருந்தது. எண் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். லாப் சிங்கும் வந்திருந்தார்; சுமந்தவர்களில் அவரும் ஒருவர். முற்றத்துக் கட்டிலில் ஜஸ்மேல் கௌர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் மடியில் பச்சித்தர் சிங்கின் மூக்குக் கண்ணாடி, இரண்டு பேனா, ஒரு தீப்பெட்டி. அடுப்படியில் தீப்பெட்டி இருக்கும்போது இவருக்கு எதற்கு இது, பீடிகூடத் தொடாத மனுஷன் என்று அவர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டார்.

பட்வாரியின் கணக்குகள் எல்லாம் ஒரு துணி மூட்டையில் இருக்கும். பட்வாரி இறந்தால் அன்றே கானூன்கோ வந்து மூட்டையைக் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிடவேண்டும். அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை யாரும் பிரிக்கக்கூடாது. அது விதி, நல்ல விதியும்கூட. நான் போகும் முன்பே முத்திரை வைத்தாகிவிட்டது. துணி வரைபடமும் அந்தத் தாளும் உள்ளே. கானூன்கோ மரியாதையாகத்தான் பேசினார். "பன்னெண்டாம் தேதிக்கு மேலதான் ஆள் போடுவாங்க மேடம்ஜி. அதுக்கு முன்னால தொட்டா என் வேலை போயிடும்." பத்தாம் தேதி விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லி நானே தாசில் அலுவலகத்துக்கு எழுதினேன். மனுப்போட்டவர்தான் கேட்கவேண்டும் என்றார்கள். மனுப்போட்டவர் பச்சித்தர் சிங்.

நாயிப் சிங் வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், நரைத்த தாடி. வைக்கோல் அப்படியே கிடக்கிறது என்றார். கட்டுப்போடும் இயந்திரத்துக்கு ஊரில் பெரிய வரிசை, தன் முறை எப்போது என்று தெரியாது. பதினைந்தாம் தேதிக்கு மேல் கோதுமை விதைத்தால் விளைச்சல் படுத்துவிடும்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோன்னாரு பட்வாரி. அந்த வாரம் இன்னும் முடியலையே" என்றார்.

இன்று எட்டாம் தேதி. தினமும் பட்டியல் இறங்கியதும் முதலில் அந்தச் சதுரத்தைப் பார்க்கிறேன். புள்ளி இல்லை. புள்ளி இல்லாததற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் மாலையில் நாயிப் சிங்கையும் கூப்பிடுகிறேன். இன்றும் வைக்கோல் கிடக்கிறது என்றார்.

அந்தத் தாளின் படம் என் கைபேசியில் இருக்கிறது. நாலாவது வரிசையில், அச்சுப்போன்ற கையெழுத்தில், பென்சிலால், 'வாய்க்கால் மதகு, வடகிழக்கு மூலை' என்று எழுதியிருக்கிறது. அதற்கு எதிரே உள்ள இரண்டு கட்டங்களும் காலி.